பாத்தித் தரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள் உப்புக் குவியல்களைப் படமெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது அவற்றுக்குக் கீழே உள்ள தரையை.

மழைக்காலம் விட்டதும், தை வாக்கில், பாத்தியில் தேங்கிய சேற்றை வாரி எறிந்துவிட்டுக் களிமண்ணைக் காலால் மிதிப்பார்கள். அடிமேல் அடியாக, ஒரு விரற்கடை இடமும் விடாமல், தரை இறுகிப் பளபளக்கும்வரை. மிதி தவறிய இடத்தில் நீர் கசியும், உப்பில் மண் ஏறும். கணவனும் மனைவியுமாக இறங்கும் பாத்திகளும் உண்டு. எந்தக் கருவியும் இல்லாத வேலைதான், ஆனால் இதைவிட நுட்பமான தளவேலை கொத்தனாரிடம்கூட அபூர்வம்.

பிறகு வெயிலின் முறை. உப்புநீரின் அடர்த்தி 25 டிகிரி போமேயை நெருங்கும்போது உப்பு பூக்கும். 30-ஐத் தொடவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். நீண்ட கம்பில் கோத்த மரப்பலகையால் உப்பை மட்டும் வார வேண்டும். தரையைச் சுரண்டினால் மிதித்ததெல்லாம் வீண்.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க, விடியுமுன்பே வேலை தொடங்கும். வீட்டுச் சமையலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அந்த நேரத்துக்கேற்ப நகர்கின்றன.

2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் இந்தக் கரையருகேதான் கடந்தது. புயலே வராத ஆண்டிலும் வடகிழக்குப் பருவமழை தரையைக் கரைத்துவிடும். அந்த வேலையில்லா மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். மளிகைக் கடைப் பாக்கிக்கே அது போதாது.