ஜேக்கின் படகு திரும்பவில்லை

ஜார்ஜ் கெர்ஷ்வினைக் கொண்டாடும் ஜாஸ் விழா என்றால் ‘சம்மர்டைம்’ இல்லாமல் முடியாது. பல்கலைக்கழக மாணவர் குழுவானாலும் சரி, பேர்பெற்ற கலைஞரானாலும் சரி, அதைத் தொடாமல் மேடையைவிட்டு இறங்க விடமாட்டார்கள். பாடகி ஒரு சுற்று பாடுவார், சாக்ஸபோனுக்கும் பியானோவுக்கும் ஆளுக்கொரு சுற்று, மீண்டும் பாடகி, கைதட்டல். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டின் கதையைப் பழவேற்காட்டு மீனவக் குப்பம் ஒன்றில் சொல்லிவிட்டு அதே வாசிப்பைப் போட்டுக் காட்டினால், கடல் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த வாரம் இந்தப் பாட்டையும், அதைப் பாடியவர்களையும் அலசப் போகிறேன்.

கெர்ஷ்வின் இசையமைத்து 1935-ல் மேடையேறிய ‘போர்கி அண்ட் பெஸ்’ இசைநாடகத்தின் தொடக்கத்தில், கிளாரா என்ற இளம் தாய் தன் கைக்குழந்தைக்குப் பாடும் தாலாட்டு ‘சம்மர்டைம்’. அவள் புருஷன் ஜேக் மீனவன். கதை நடப்பது அமெரிக்காவின் தெற்கே, சார்ல்ஸ்டன் துறைமுக ஓரத்தில் கறுப்பின மக்கள் வாழும் கேட்ஃபிஷ் ரோ என்ற குடியிருப்பில். செப்டம்பர் புயல் மாதம், தொழிலுக்குப் போகவேண்டாம் என்கிறாள் கிளாரா. மகனைக் காலேஜில் படிக்கவைக்க வேண்டாமா என்கிறான் ஜேக். ‘ஸீ கல்’ என்ற படகில் போகிறான். புயல் அடிக்கிறது. கவிழ்ந்த படகை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் குழந்தையை அதே குடியிருப்பில் வாழும் பெஸ்ஸிடம் கொடுத்து ஓடும் கிளாராவும் திரும்பி வருவதில்லை. பிற்பாடு அந்த அநாதைக் குழந்தையை வைத்துக்கொண்டு அதே தாலாட்டைப் பாடுகிறாள் பெஸ்.

ஒரே மெட்டு. முதல் தடவை அது நம்பிக்கை. புயலுக்கு நடுவே கிளாரா பாடும்போது பயம். பெஸ் பாடும்போது பாட்டில் சொல்லப்படும் அப்பனும் ஆத்தாளும் உயிரோடு இல்லை. மகன் காலேஜ் போகவேண்டும் என்று கடலுக்குப் போய்ச் செத்தவன் வீட்டுத் தாலாட்டைத்தான் இன்று காலேஜ் மாணவர்கள் ஜாஸ் பழகும்போது முதலில் கற்கிறார்கள். சுரத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெரிந்து பாடும் குரலும் தெரியாமல் பாடும் குரலும் ஒன்றாக இருக்காது.

மெட்டைப் பார்ப்போம். சிறிய பாட்டு, 16 அளவு. பெரும்பாலும் ஐந்து சுரங்களைச் சுற்றியே நடக்கிறது. நம் கணக்கில் சுத்த தன்யாசிக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். ஓர் இடத்தில் மட்டும் சதுச்ருதி ரிஷபம் எட்டிப் பார்த்து, பாட்டை முடிக்காமல் தொங்கவிடும். அடியில் இரண்டு மூன்று ஸ்வரக்கோவைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். வார்த்தைகள் சுகமான கோடையைச் சொல்ல, மெட்டு சோகத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. அந்த வார்த்தைகளை எழுதியவர் டூபோஸ் ஹேவர்ட். 1925-ல் வந்த ‘போர்கி’ நாவலின் ஆசிரியர், சார்ல்ஸ்டன்காரர். விழாச் சுவரொட்டிகளில் கெர்ஷ்வின் பெயர் பெரிதாக இருக்கும். ஹேவர்ட் பெயரைத் தேடத்தான் வேண்டும்.

நியூயார்க் நகரத்துப் பிள்ளையான கெர்ஷ்வின் 1934 கோடையில் சார்ல்ஸ்டன் அருகே ஃபாலி தீவில் போய்த் தங்கினார். பக்கத்துத் தீவுகளில் வாழ்ந்த கல்லா மக்களின் வழிபாட்டுப் பாட்டுகளைக் கேட்டார். கைதட்டும் ஒரு கணக்கு, கால் மிதிக்கும் வேறு கணக்கு. அந்தக் கூட்டத்தில் அவரும் சேர்ந்து பாடியதாக ஹேவர்ட் எழுதியிருக்கிறார். வட கரோலினாவில் ஹெண்டர்சன்வில் என்ற ஊரில், ஒரு குடிசை ஜெபக்கூட்ட வாசலில் கெர்ஷ்வின் ஹேவர்டின் கையைப் பிடித்து நிறுத்தினாராம். உள்ளே ஆளுக்கொரு மெட்டில், ஆளுக்கொரு வேகத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். தனித்தனியே பிரித்தால் ஒன்றும் இல்லை, சேர்ந்து கேட்டால் அலை. இசைநாடகத்தின் புயல் காட்சியில் ஆறு குரல்கள் ஒன்றோடொன்று மோதி ஜெபிப்பது அங்கே கிடைத்ததுதான். கரைக்குப் போகாமல் நியூயார்க்கில் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

இனி பதிவுகள். 1936 ஜூலையில் பில்லி ஹாலிடே பாடியது முதல் பெரிய ஜாஸ் பதிவு. தொடக்கத்தில் பன்னி பெரிகனின் டிரம்பெட் தொண்டையைச் செருமுவதுபோல் உறுமும். ஹாலிடே குழந்தையைத் தூங்கவைக்கப் பார்ப்பதாகவே தெரியாது. தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, எல்லாம் தெரிந்த பெண் சொல்வதுபோல் சொல்லிப் போவார். நாடகம் அரங்கேறி ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் பாட்டு நாடகத்தைவிட்டு வெளியே வந்து தனிக்குடித்தனம் தொடங்கிவிட்டது.

1957-ல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடியதை உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் மெட்டை முழுதாக எடுத்துவைக்கும். பிறகு எல்லாவின் தெளிந்த குரல். அப்புறம் ஆம்ஸ்ட்ராங்கின் கரகர குரல். தாயும் தகப்பனும் மாறி மாறித் தொட்டிலை ஆட்டுகிறார்கள். மூல நாடகத்தில் ஜேக்குக்கு இந்தத் தாலாட்டைப் பாட வாய்ப்பில்லை. இந்தப் பதிவில்தான் தகப்பன் குரலும் குழந்தைக்குக் கிடைக்கிறது. தாலாட்டாகக் கேட்க என் முதல் தேர்வு இதுதான்.

1960-ல் ஜான் கோல்ட்ரேன் இதை எடுத்துக்கொண்டு போன வேகத்தில் குழந்தை தூங்க வழியே இல்லை. சாக்ஸபோன் வித்தையில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால் மெட்டை ஏணியாக வைத்து ஏறிப்போனவர் கீழே கேட்ஃபிஷ் ரோ பக்கம் திரும்பவில்லை. மாணவக் குழுக்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் பிடிக்கின்றன. வேகம் காட்ட இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கடல் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் மைல்ஸ் டேவிஸ். கில் எவான்ஸின் இசைக்கோப்பில் 1958-ல் அவர் பதிவுசெய்த ‘போர்கி அண்ட் பெஸ்’ தொகுப்பில் பாடகர் யாரும் கிடையாது. ‘சம்மர்டைம்’மில் அடைப்பான் போட்ட டிரம்பெட் தனியே பாடும். பின்னால் மற்ற வாத்தியங்கள் ஒரே குட்டிப் பிடியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அலை கரையைத் தொட்டுத் தொட்டுப் போவது அதில் இருக்கிறது. ஜெபத்தையும் அவர் விடவில்லை. டிரம்பெட் ஒரு வரி கூப்பிட, மொத்தக் குழுவும் பதில் சொல்லிச் சொல்லி வளர்ந்து, கடைசியில் கூப்பாடாகவே ஆகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சார்ல்ஸ்டன் தெருவில் நண்டு விற்பவனும் பழம் விற்பவளும் கூவுகிற கூவல்களுக்கு ஒரு தனித்தடமே ஒதுக்கினார். நாடகத்தில் சில நிமிடமே வந்துபோகும் இடம் அது. பெரிய பாட்டுகள் கைவசம் இருந்தும் கூவல்களுக்கு மதிப்புக் கொடுத்தார். பழவேற்காட்டில் நண்டுக்கூடையை இறக்கிவைத்து விலை சொல்பவர்களைக் கேட்டவர்களுக்கு, அந்த டிரம்பெட் சொல்வது புரியாமல் போகாது. நாடகத்துக்கு உண்மையாக நின்றது எது என்று கேட்டால், வார்த்தையே இல்லாத இந்தப் பதிவுதான் என்பேன்.

பாட்டை எப்படிப் பாடுகிறார்கள் என்பதோடு யார் பாடுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதும் விழாவின் தரத்தில் சேரும். கறுப்பினக் கலைஞர்களே நடிக்க வேண்டும் என்பதில் கெர்ஷ்வின் உறுதியாக இருந்தார். நியூயார்க்கில் 124 காட்சிகளோடு நாடகம் நஷ்டத்தில் நின்றது. 1936-ல் வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்குப் போனபோது அங்கே கறுப்பின மக்களுக்கு மற்றவர்களோடு சேர்ந்து உட்கார அனுமதி இல்லை. போர்கியாக நடித்த டாட் டங்கனும் பெஸ்ஸாக நடித்த ஆன் பிரவுனும், அப்படியென்றால் நாங்கள் மேடை ஏறமாட்டோம் என்று நின்றார்கள். அரங்கம் இறங்கி வந்தது. கதை நடந்த சார்ல்ஸ்டனிலேயே இந்த நாடகம் மேடையேற 1970 வரை ஆனது. 35 வருஷம் உலகத்தைச் சுற்றிவிட்டுத்தான் பாட்டு பிறந்த கரைக்குத் திரும்பியது. கெர்ஷ்வின் 1937-லேயே, 38 வயதில் காலமாகிவிட்டார்.

இப்போது நம் கரைக்கு வருவோம். பழவேற்காட்டிலிருந்து தெற்கே, காட்டுப்பள்ளி தாண்டினால் எண்ணூர்க் கழிமுகம். 2017 பொங்கலுக்கு வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ அங்கேதான் படமானது. கபேர் வாசுகி எழுதியது, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்தது, டி.எம். கிருஷ்ணா பாடியது. ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர் கல்யாணி, தேவகாந்தாரி, சாலக பைரவி, சிந்துபைரவி என்று ராகமாலிகை. சபாக்களில் கேட்டுப் பழகிய ராகங்களில் வடசென்னைப் பேச்சு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஏரியையும் கழிமுகத்தையும் வேண்டாத நிலமாகக் கணக்கு எழுதியவர்களைக் கேள்வி கேட்டது பாட்டு.

கச்சேரி அலசலாக ஒன்று சொல்ல வேண்டும். பேகடாவின் வளைவுகளில் பேச்சுத்தமிழின் வல்லின ஓசைகள் இடறாமல் நின்றது மெட்டமைத்தவரின் கெட்டிக்காரத்தனம். கிருஷ்ணா கமகத்தைக் குறைத்து வார்த்தைக்கு வழி விட்ட இடங்கள் பாட்டின் உயிர். பின்னால் தெரிந்த அனல்மின் நிலையமும் சாம்பல் படிந்த நீரும் பாட்டுக்கு ஜோடனை தேவையில்லாமல் செய்துவிட்டன. குறை என்றால், பாட்டு முழுவதும் ஒரே குரல். கேட்ஃபிஷ் ரோவின் ஆறு குரல் ஜெபம்போல், கோசஸ்தலை ஆற்றில் தொழில் செய்பவர்களின் குரலும் குறுக்கே புகுந்திருந்தால் இன்னும் பெரிய பாட்டாகியிருக்கும்.

அந்தத் திசையில் ஓர் அடி எடுத்துவைத்தது 2015-ல் பெசன்ட் நகர் அருகே ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் தொடங்கிய குப்பம் விழா. கர்நாடக இசையும் பறையும் பரதமும் வில்லுப்பாட்டும் ஒரே மேடையில் வந்தன, அதுவும் மீனவர் குடியிருப்புக்குள். சபா ரசிகர்கள் குப்பத்துக்கு விருந்தாளியாகப் போக வேண்டியிருந்தது. அதை நான் பெரிய மாற்றமாகவே மதிக்கிறேன்.

பழவேற்காட்டுக்கு இன்னும் அப்படி ஒரு விழா வரவில்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்கும் அம்பாப் பாட்டு நம் கடலோரம் முழுக்க இருந்தது. ஜாஸின் அடிவேரும் இதே மாதிரி வேலைப் பாட்டில்தான் இருக்கிறது. ஒரு குரல் கூப்பிடும், கூட்டம் பதில் சொல்லும். இன்று இன்ஜின் படகுகள், அந்தச் சத்தத்துக்கு மேலே யாரும் பாடமுடியாது. ஆற்றிலும் உப்பங்கழியிலும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி கழுத்தளவு நீரில் நகர்வார்கள். அந்த வேலையில் வாய் திறக்கவே வழி கிடையாது. முகத்துவாரம் மணல் மூடினால் படகுகள் ஏரியோடு நின்றுவிடும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்தை இந்தக் கிராமங்கள் வருஷக்கணக்கில் எதிர்த்து நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்க் கழிவு பரவி வலையும் படகும் கறுத்தன. மகனைக் காலேஜில் சேர்க்கக் கடலுக்குப் போகும் ஜேக்குகள் இந்தக் குப்பங்களில் இருக்கிறார்கள். புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், போகாதே என்று சொல்லும் கிளாராக்களும் இருக்கிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2013-ல் கெர்ஷ்வின் ஆய்வுத் திட்டம் தொடங்கி, அவர் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்தமான பதிப்புகள் கொண்டுவருகிறது. ஓர் இசையமைப்பாளரை எப்படி மதிப்பது என்பதற்கு நல்ல முன்னுதாரணம். நம்மிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை இருக்கிறது, இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். மாணவர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு கோட்டைக்குப்பத்துக்கும் நடுவூர் மாதாகுப்பத்துக்கும் ஆண்டிக்குப்பத்துக்கும் அனுப்புங்கள். கெர்ஷ்வின் ஃபாலி தீவில் தங்கியதுபோல் ஒரு கோடை முழுக்கத் தங்கட்டும். அம்பாப் பாட்டு தெரிந்த பெரியவர்களைக் கேட்டுப் பதியுங்கள். பாட்டின் பக்கத்தில் பாடியவர் பெயரை எழுதுங்கள். அடுத்த கல்லூரி விழாவில் அவர்களை முன்வரிசைக்கு அழைக்காமல் மேடைக்கே அழையுங்கள், மற்ற வித்வான்களுக்குக் கொடுக்கும் சன்மானத்தைக் கொடுத்து.