ஆறுமணிக்குருவியை எப்படி ரசிப்பது?

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பூநாரையைத் தேடித்தான் போகிறார்கள். படகுத்துறைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் ஏரியின் மேல். ஒரு காலைப்பொழுதாவது ஏரியை விட்டுவிட்டு, குப்பத்தை ஒட்டிய தோப்புக்குள் தரையைப் பாருங்கள். புழு பூச்சி தின்று வாழும் ஆறுமணிக்குருவிக்கு அங்கே கிடக்கும் சருகுதான் சாப்பாட்டு இலை. தோட்டக்கள்ளன் என்றும் இதைச் சொல்வார்கள்.

எப்போது, எங்கே?

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை, புரட்டாசி, ஐப்பசி வாக்கில் தெற்கே வருகிறது. பயணம் இரவில்தான். சித்திரை வாக்கில் திரும்பிவிடும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் ஸ்ரீஹரிகோட்டாவின் உலர் பசுமைமாறாக் காடு இதற்குத் தோதான இடம். ராக்கெட் ஏவுதளம் இருப்பதால் அங்கே நினைத்தபடி போக முடியாது. கரையோர ஊர்களில் வேம்பு, புங்கன், பூவரசு நெருங்கி நின்று, அடியில் புதரும் சருகும் மண்டிய இடமாகப் பார்த்து நில்லுங்கள். கூட்டிப் பெருக்கிய தரையில் இதற்கு வேலையில்லை.

முதலில் காது

விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். பெயர் வந்ததே அதனால்தான். ‘வீ...ட்யூ’ என்று இரண்டு சுரத்தில் தெளிவான சீழ்க்கை. ஒன்று கூப்பிட்டால் தள்ளியிருக்கும் இன்னொன்று பதில் சொல்லும். மூட்டமான நாளில் பகலிலும் கேட்கலாம். குரல் வந்த பக்கம் ஓடாதீர்கள். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கவும் வேண்டாம். இரை தேடும் நேரம் அதற்கு வீணாகும்.

பிறகு கண்

ஒரு மரத்தில் சாய்ந்து அசையாமல் நின்றால் சருகு புரளும் சத்தம் கேட்கும். தவிட்டுக்குருவிகளும் சருகைப் புரட்டும். ஆனால் அவை கூட்டமாக வந்து ஊரைக் கூட்டும். ஆறுமணிக்குருவி பெரும்பாலும் தனியாகத்தான் மேயும். இரண்டு தத்து தத்தி நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், அலகால் ஓர் இலையைப் புரட்டித் தள்ளும், அடியிலிருக்கும் வண்டையோ மண்புழுவையோ எடுத்துவிடும். நடுநடுவே கட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும்.

உருவம் மைனாவைவிடச் சிறியது. சுமார் 19 செ.மீ. நிறங்களை மேலிருந்து கீழாகப் பாருங்கள். சந்தன நிற உச்சந்தலையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. மை தீட்டியதுபோலக் கண்ணை ஒட்டி ஓர் அகலமான கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளைப் புருவம். தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, தோளில் பளிச்சிடும் நீலம், மார்பு மஞ்சள் கலந்த சந்தனம், வாலடியில் குங்குமச் சிவப்பு. இந்தியில் இதை நவரங் என்கிறார்கள். இத்தனை நிறம் இருந்தும் நிழலில் அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியாது. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு மின்னும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

நெடுந்தூரம் பறந்து களைத்த பறவை சில சமயம் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி வீட்டுக்குள் வந்து விழும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாகவும் அமைதியாகவும் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காக்கையும் பூனையும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிந்ததும் மரமடர்ந்த இடத்தில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பழவேற்காடு வரை போக முடியாதவர்களும் வருந்த வேண்டாம். சென்னையில் கிண்டி, அடையாறு போன்ற மரமடர்ந்த பகுதிகளுக்கும் இது வருகிறது. உங்கள் தோட்டத்துக்கு வர வேண்டுமானால், மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்துங்கள். சருகு மக்கும் இடத்தில்தான் புழுவும் பூச்சியும் பெருகும்; இரை இருக்கும் இடத்தில்தான் ஆறுமணிக்குருவி தங்கும்.