அறிதுயில் ஒலிப்பதிவுகளும் ஆத்தும அமைதியும்

தன்னைத்தானே அறிதுயிலில் ஆழ்த்திக்கொள்ள உதவும் ஒலிப்பதிவுகள் இன்று நம் சபையாரின் இல்லங்களிலும் கேட்கப்படுகின்றன. உறக்கமின்மையால் வருந்திய விசுவாசி ஒருவர் இவற்றைக் குறித்து நம்மிடம் வினவியபோது, ஒன்றையேனும் கேட்டுப் பாராமலே விட்டுவிடும்படி கூறிவிட்டோம். பின்னர் அவ்வகைப் பதிவுகள் சிலவற்றைக் கேட்டபோது நாம் அவசரப்பட்டதை உணர்ந்தோம். ஆயினும் நம் ஐயங்கள் யாவும் நீங்கிவிடவில்லை.

நம் அவசரத்திற்கு ஒரு சொல்லும் காரணம். 'மனவசியம்' என்றவுடன் பிறருக்கு வசப்படுதல் என்ற பொருளே முந்தி நிற்கிறது. உபாகமம் 18ஆம் அதிகாரத்தின் தடைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. 'அறிதுயில்' என்பதோ திருமால் பள்ளிகொண்ட நிலையைக் குறிக்க வைணவர் வழங்கிய சொல். துயிலும்போதே அறிந்திருத்தல் என்பது அதன் பொருள். மான்செஸ்டர் நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, 1843இல் வெளியிட்ட நூலில், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இந்நிலைக்குப் பெயரிட்டார். அது உறக்கமன்று எனக் கண்டு, ஒரே எண்ணத்தில் நிலைத்தல் என்னும் பொருள்படும் வேறொரு பெயரைப் பின்னர் அவரே நாடினார். தமிழ்ச் சொல்லே உண்மைக்கு நெருங்கியது என்போம்.

இப்பதிவுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. மூச்சைக் கவனிக்கச் சொல்வர். கைகால்கள் கனப்பதாகவும் வெதுவெதுப்பதாகவும் எண்ணச் சொல்வர் (இது ஜெர்மானிய மருத்துவர் ஷுல்ட்ஸ் 1932இல் நூலாக வெளியிட்ட பயிற்சியிலும் உள்ளது). படியிறங்குவதுபோல் எண்களைக் குறைப்பர். அதன்பின் கருத்தை ஊன்றுவர். கேட்போர்க்கு நேரும் இடர்ப்பாடுகள் இரண்டு: மனம் அலைகிறது, அல்லது கண் அயர்கிறது. முயன்று முயன்று இளைப்பாற எவராலும் இயலாது. மனவுறுதியும் கற்பனையும் முரண்படின் கற்பனையே வெல்லும் என்று நான்சி நகரின் எமில் கூவே கற்பித்தது இங்குப் பொருந்தும். அலைந்த மனத்தைக் கடிந்துகொள்ளாமல் குரலின்பால் மெல்லத் திருப்புவதே போதும். விழித்திருக்க வேண்டுவோர் படுக்காமல் நிமிர்ந்து அமர்ந்து கேட்பது நன்று. வாகனம் ஓட்டுகையில் ஒருபோதும் கேட்கலாகாது. உறக்கத்தையே நாடிக் கேட்பவர் நடுவில் உறங்கிவிட்டால் குறையொன்றுமில்லை. துரோவாவில் பவுலின் பிரசங்கத்திடையே உறங்கிய ஐத்திகு போல மூன்றாம் மாடியின் ஜன்னலில் அமராதிருந்தால் சரி!

இவ்வளவும் உடலைப் பற்றியவை. இவற்றில் நமக்கு வழக்கில்லை. நம் வழக்கு ஊன்றப்படும் கருத்தைப் பற்றியது. கூவே தம் வாசகத்தை இருபது முடிச்சிட்ட கயிற்றால் எண்ணி, காலையும் மாலையும் இருபது முறை சொல்லப் பணித்தார். ஜெபமாலையின் சாயல் அதில் உண்டு, கேட்பவர்தாம் இல்லை. 42ஆம் சங்கீதக்காரனும் தன் ஆத்துமாவோடு பேசுகிறான். ஆனால் அதைத் தனக்குள்ளேயே அடைத்துவிடாமல் தேவனை நோக்கித் திருப்புகிறான். பதிவுகள் சிலவோ எல்லா வல்லமையும் உன்னுள்ளேயே உள்ளது என்கின்றன. நலம்பெறாத நோயாளி, குறையும் தன்னுள்ளேயே உள்ளது என்று முடிவுகட்டிவிடுவார். மருத்துவரை விட்டு விலகுதற்கும் இஃது ஏதுவாகும். இதை நாம் கடுமையாகவே கண்டிக்கிறோம்.

கண்டிக்கும் நம் கைகளும் தூயவையல்ல. எழுப்புதல் கூட்டங்களில் ஒரே பல்லவியை மீண்டும் மீண்டும் பாடவைத்து, இசையைத் தணித்து, கண்களை மூடச்செய்து, பின்பு கைகளை உயர்த்தச் சொல்கிறோமே, அது யாது? ஒலிப்பதிவாவது தான் செய்யப்போவதை முன்னரே அறிவித்து விடுகிறது. நாம் அறிவிப்பதில்லை, அதன் பலனைப் பரிசுத்த ஆவியானவரின் கணக்கில் எழுதியும் விடுகிறோம்.

அவ்விசுவாசியிடம் மீண்டும் சென்றோம். அவர் பதிவைக் கேட்பதை நிறுத்தவேயில்லை. நம்மிடம் அதைச் சொல்வதைத்தான் நிறுத்தியிருந்தார். மாலை முழுதும் உடனமர்ந்து, எந்தப் பதிவு, அதில் என்ன சொல்லப்படுகிறது என்று இம்முறை கேட்டறிந்தோம்.