கேள்வியும் இலக்கணமும்

தமிழிசை மரபில் சுருதிக்குக் 'கேள்வி' என்பதும் ஒரு பெயர். இசைக்கு முதல் ஆசான் செவியே என்பதை இச்சொல்லே உணர்த்தும். ஆயினும் கேள்வி ஒன்றே போதும் எனப் பழந்தமிழர் அமைந்துவிடவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர்க்குரிய தகுதிகளை வகுத்துக் கூறுகிறது. கைத்திறனும் நூலறிவும் ஒருங்கே பெற்றவனே அங்கு ஆசான்.

இவ்விரண்டும் பிரிந்தால் நேர்வது யாது என்பதற்கு யாழே சான்று. அதன் உறுப்புகளும் பண்களின் பெயர்களும் நூல்களில் எஞ்சின. மீட்டும் கை மறைந்தது. அறிவியல் பயின்ற விபுலாநந்த அடிகள், கணக்கின் துணைகொண்டு அவ்விசையை மீட்க முனைந்தார். 1947-இல் வெளிவந்த அவரது 'யாழ் நூல்' ஓர் அரிய சாதனையே. எனினும், வழிவழியாக யாழ் வாசித்து வந்த ஒருவரிடம் கேட்டுத் தம் முடிபைச் சரிபார்க்கும் வாய்ப்பு அடிகளுக்கு இல்லை.

சுருதிகள் 22 என்பது அடிகளின் கொள்கை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரோ, 1917-இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் 24 என நிறுவினார். நூல்வல்ல இருவரும் எண்ணிக்கையிலேயே வேறுபட்டனர் எனில், கணக்கு மட்டும் தீர்ப்பளிக்க இயலாது என்பது தெளிவு. இதனைப் பண்டிதரும் உணர்ந்திருந்தார் எனலாம். 1916-இல் பரோடாவில் கூடிய இசை மாநாட்டில் தம் கொள்கையை உரைத்ததோடு அவர் அமையவில்லை. தம் புதல்வியரைப் பாடியும் வீணை மீட்டியும் காட்டச் செய்தார். ஏட்டுக் கணக்கு அவையோர் செவியில் தேர்வுக்கு நின்றது.

பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் நிலை யாழுக்கு நேர்மாறானது. தோட்டக் கோயில் திருவிழாக்களில் முழங்கிய தப்பும் உறுமியும் ஏட்டைப் பார்த்துக் கற்றவை அல்ல. தந்தையின் கையைப் பார்த்தும், அடியைக் கேட்டும், தவறித் திருந்தியும் மைந்தர் பயின்றனர். அக்கல்வியின் உயிர்ப்பை எந்த இலக்கணமும் தர இயலாது. ஆனால் கேட்கும் மைந்தன் இருக்கும்வரையே அது வாழும். தோட்டத் தமிழர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். இன்று கொழுந்து பறிப்போருள் பலர் அயல்நாட்டார். வாசிப்பவர் மறைந்தால், பெயரும் இன்றியே ஓர் அடிமுறை மறையும். யாழுக்கு எஞ்சிய ஏடுகூட அதற்கு எஞ்சாது.

ஆதலின், இலக்கணமா செவியா என வழக்காடுவது வீண். மாணவன் முதலில் கேட்கட்டும். துணிந்து அடித்துப் பார்க்கட்டும். பின்னர் அடித்ததைச் சொற்கட்டாக எழுதட்டும். எழுதியதை மீண்டும் மூத்த கலைஞரின் செவிமுன் வைக்கட்டும். இசைக்குப் பின் வந்ததே இலக்கணம். ஆயினும், இசை மறவாதிருக்க அதுவே துணை.