கேலக்ஸி நடுவில் ஓடும் வாயு: அளந்தவர்களும் அளவைகளும்

மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் எடுத்த நிறமாலைகளைக் கொண்டு கார்ல் செய்ஃபர்ட் 1943இல் எழுதிய கட்டுரையிலிருந்து, கேலக்ஸி நடுவில் ஓடும் வாயுவை அளக்கும் மரபைத் தொடங்குவது வழக்கம். நடுப்பகுதி மட்டும் அளவுக்கு மீறி ஒளிரும் ஆறு கேலக்ஸிகளை அவர் ஆராய்ந்தார். சிலவற்றில் ஹைட்ரஜன் கோடு மெல்லிய கீற்றாக இல்லாமல் பட்டையாகப் பரந்து கிடந்தது. வாயு நொடிக்குப் பல ஆயிரம் கி.மீ. வேகத்தில் பாய்ந்தால்தான் கோடு அப்படி அகலும். அவற்றில் ஒன்றான என்.ஜி.சி. 1068இன் விசித்திர நிறமாலையை எட்வர்ட் ஃபாத் 1908இலேயே லிக் வானாய்வகத்தில் பதிவு செய்திருந்தார். பெயர் என்னவோ செய்ஃபர்ட்டுக்குத்தான் நிலைத்தது.

கோட்டின் அகலம் வேகத்தைச் சொல்லும். வாயு எவ்வளவு தொலைவில் சுற்றுகிறது என்று சொல்லாது. இரண்டும் தெரிந்தால்தான் நடுவிலுள்ள கருந்துளையை எடை போட முடியும். அந்தக் குறையைத் தீர்க்க வந்தது எதிரொலி முறை. மையம் திடீரென ஒளி கூடினால், சுற்றியுள்ள வாயு சில நாள் கழித்தே பளிச்சிடும். அந்தத் தாமதமே தொலைவு. 1988-89இல் என்.ஜி.சி. 5548 என்ற கேலக்ஸியை மாதக்கணக்கில் கண்காணித்தபோது, ஹைட்ரஜன் கோடு ஏறக்குறைய 20 நாள் பின்தங்கியது. ஆனால் வாயு மேகங்களின் அமைப்பு தெரியாததால், விண்மீன்களைக் கொண்டு கண்ட எடைகளிலிருந்து ஒரு பெருக்கெண்ணைக் கடன் வாங்கித்தான் எதிரொலி முறைக்காரர்கள் கணக்கை முடிக்கிறார்கள்.

கடன் வாங்காதவர்கள் மேசர்காரர்கள்; வாயு மூலக்கூறுகள் லேசர் போலப் பெருக்கி உமிழும் ரேடியோ அலையே மேசர். என்.ஜி.சி. 4258 கேலக்ஸியில் நீராவி உமிழும் ரேடியோ அலைகள் நொடிக்கு 1,000 கி.மீ. வரையிலான வேகத்தைக் காட்டும் அளவுக்கு விலகியிருப்பதை ஜப்பானின் நொபெயாமா தொலைநோக்கி 1990களின் தொடக்கத்தில் கண்டது. 1995இல் வி.எல்.பி.ஏ. ரேடியோ வலையமைப்பு மேசர் ஒளிரும் ஒவ்வொரு பொட்டின் இடத்தையும் குறித்தது. மையத்திலிருந்து அரை ஒளியாண்டு தொடங்கி, வெளியே போகப்போக வேகம் கெப்லர் விதிப்படி அச்சு அசலாகக் குறைந்தது. நிறை சுமார் 3.9 கோடி சூரியன்கள். வாயுவை ஈர்ப்பு மட்டுமே நடத்துகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடையாது.

எம் 87 கேலக்ஸியில் கதை வேறு. 1994இல் ஹபிள் தொலைநோக்கி, மையத்தின் ஒருபுறம் வாயு நம்மை நோக்கி வருவதையும் மறுபுறம் விலகிப் போவதையும் காட்டியபோது எல்லோரும் கொண்டாடினோம். பிற்பாடு கருந்துளையின் எடையில் தகராறு வந்தது. வாயுவை நம்பியவர்கள் 350 கோடி சூரியன்கள் என்றார்கள். விண்மீன்களை நம்பியவர்கள் 660 கோடி என்றார்கள். வாயுவைக் காற்றும் அழுத்தமும் மையத்திலிருந்து பீறிடும் தாரையும் தள்ளும். விண்மீனுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2019இல் ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கி கருந்துளையின் நிழலையே படம்பிடித்துச் சொன்ன கணக்கு 650 கோடி.