சாவியை அணைத்தால் எல்லாம் மறக்கும் செட்

விருத்தாசலத்திலிருந்து அகல் விளக்கும் கொலு பொம்மையும் ஏற்றிக்கொண்டு சந்தை, திருவிழா என்று சுற்றும் ‘குட்டி யானை’ என்ற சின்னச் சரக்கு வண்டி ஒன்றில் ஆறு வாரமாகப் புதுப் பாட்டு செட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சரியாகச் சொன்னால், முதல் வாரங்களில் ஓடும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஓடும். பென் டிரைவில் நானூறு பாட்டு இருக்கிறது. போகிற ஊரெல்லாம் கேட்டது முதல் நாலு பாட்டைத்தான்.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அந்த இழுவண்டிகளில் பழைய செட்டைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறவர்கள் படும் பாடு எதுவோ, அதுவேதான் இங்கும். இந்த வண்டிக்காரருக்கும் திருவிழா நாட்களில் குட்டி யானைதான் வீடு. வைக்கோல் அடுக்கிய பொம்மைப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே படுக்கை.

புளூடூத், யுஎஸ்பி, எஃப்எம் எல்லாம் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கும் எந்த செட்டின் அட்டைப்பெட்டியிலும் இதே வரிசைதான் அச்சாகியிருக்கும். முன்பலகையில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பொந்து இருந்தால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு எண் மட்டும் கோபத்தைக் கிளப்புகிறது: ‘4 x 50 வாட்’. செட்டின் முதுகில் செருகியிருக்கும் பியூஸ் 10 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டால் பெருக்கினாலும் உள்ளே போவது 144 வாட்தான். வெளியே மட்டும் 200 எப்படி வரும்? கண நேர உச்சத்தை எடுத்து அட்டையில் அடித்துவிடுகிறார்கள். எத்தனையோ வருடமாக நடக்கும் கூத்து இது.

போகட்டும். இந்த செட்டின் பெரிய குணம் மறதி.

டீக்கடையில் வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்தால் போதும். பாட்டு நின்ற இடம், ஒலி அளவு, கடிகாரம் எல்லாம் போச்சு. அடுத்த முறை சாவி திருப்பும்போது மணி பன்னிரண்டு, பாட்டு ஒன்று. ‘மலிவுச் சரக்கு அப்படித்தான் இருக்கும்’ என்று முதல் வாரம் எல்லோரும் செட்டைத்தான் திட்டினார்கள். குற்றம் செட்டின் மேல் இல்லை, மஞ்சள் ஒயரின் மேல்.

செட்டுக்குப் பின்னால் வரும் கப்ளரில் பிளஸ் ஒயர் இரண்டு. மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. நினைவைக் காப்பது அதுதான், நின்றிருக்கும்போது அதற்குத் தேவை சில மில்லியாம்பியர். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. செட்டை எழுப்புவது அதன் வேலை. வண்டியில் முன்பிருந்த பழைய கேசட் செட்டுக்கு ஒரே பிளஸ். அதைப் பார்த்துப் பழகிய கை, இரண்டையும் சேர்த்து முறுக்கிச் சாவிக் கரண்டில் கட்டிவிட்டது. “ரெண்டும் பிளஸ்தானே அண்ணே” என்றாராம் ஒயரிங் பார்த்த தம்பி.

மறதியைச் சொன்னதும் அதே தம்பி இரண்டையும் சாவிக் கரண்டிலிருந்து எடுத்து, சேர்த்தே பேட்டரிக்குக் கொண்டுபோய்விட்டார். மறதி போயிற்று, பேட்டரியும் போயிற்று. ஒரு திருவிழா இரவு பாட்டைச் சன்னமாக வைத்துவிட்டு வண்டிக்காரர் தூங்கிப்போக, விடியற்காலை செல்ஃப் ‘டிக்’ என்றதோடு சரி. பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து தள்ளினார்கள். உள்ளே இருந்த பீங்கான் பொம்மைகளில் எத்தனை உடைந்தன என்று அவர் இதுவரை வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்த மஞ்சள் ஒயரில் பேட்டரிப் பக்கம் பியூஸும் இல்லை. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை வாங்கி, வீடுகளில் சுவிட்சுப் பலகைக்கு மேலே இருக்குமே, அந்த வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டையைச் சுட்டு ஊர் ஊராக அனுப்பும் ஊர் விருத்தாசலம். அங்கேயே முறுக்கி டேப் சுற்றிய ஒயர் ஒன்று, பியூஸ் இல்லாமல், சீட்டுக்கு அடியில் இன்ஜினை உரசிக்கொண்டு கிடந்தது! 2005இல் வந்த நாள் முதல் குட்டி யானையின் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருப்பது ஓட்டுநரின் சீட்டுக்குக் கீழேதான், அதுவும் இரண்டே சிலிண்டர். அந்த அதிர்வில் டேப் எத்தனை நாள் தாங்கும்? (பீங்கான் பியூஸ் கட்டை வீட்டுக்கு. வண்டிக்குக் கத்தி மாதிரி இருக்கும் பியூஸையே போட வேண்டும்.)

இன்னொரு பழைய பழக்கமும் புது செட்டுக்கு ஆகாது. முன்பெல்லாம் ஸ்பீக்கரின் மைனஸை வண்டி பாடியில் எர்த் கொடுத்துவிடுவார்கள். பின்பக்க ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் மிச்சம். இன்றைய செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் ஆம்ப்ளிஃபையர் எதிரெதிராக வேலை செய்கிறது. அதில் ஒன்று பாடியைத் தொட்டால் செட் வாயை மூடிக்கொள்ளும், விதி மோசமானால் உள்ளே ஐசி கருகும். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நாலு ஜோடி; கறுப்புக் கோடு போட்டது மைனஸ். எட்டையும் தனித்தனியாகத்தான் இழுக்க வேண்டும், சோம்பலுக்கு இடமில்லை.

ரேடியோ கதை இன்னும் வேடிக்கை. திருச்சிப் பக்கம் போனால் வானொலியின் 102.1 கணீரென்று கேட்கிறது. புதுச்சேரிப் பக்கம் போனால் 102.8 என்ற எண்ணே திரையில் வருவதில்லை: 102.7, அடுத்தது 102.9, இரண்டிலும் கரகரப்பு. செட் பிறக்கும்போதே அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. அங்கே எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒற்றைப்படையாகவே தாவும். மெனுவுக்குள் புகுந்து பகுதியை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் மஞ்சள் ஒயர் சாவிக் கரண்டில் இருந்த நாட்களில், ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் செட் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டது.

ஐந்தாவது வாரம் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்போடு வந்தார். சாவியை அணைத்தும் லேம்ப் எரிகிற ஒயர் எது, அணைத்ததும் இருட்டாகிற ஒயர் எது என்று தொட்டுப் பார்க்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மஞ்சள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸோடு. சிவப்புக்குத் தனி சுவிட்ச், மறந்து தூங்கினாலும் கண்ணில் படும்படி அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. இணைப்புகளை முறுக்காமல் லக் வைத்து அழுத்தினார். செட்டின் கறுப்பு எர்த் ஒயரை, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கினார். “செட்டைக் கழட்டிப் போட்டுடாதீங்கண்ணே, இது நல்லா இருக்கு” என்பதும் அவர் தீர்ப்பு.

நல்லாத்தான் இருக்கிறது. பாஸ் கொஞ்சம் தட்டையாக விழுகிறது, யுஎஸ்பி மூடி தொளதொளவென்று இருப்பதால் களிமண் தூசி உள்ளே போகிறது. வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷால் துடைத்தால் போதும். அந்த விலைக்கு வாங்கலாம், ஒயரிங் தெரிந்தவர் கையில் கொடுத்தால் மட்டும். இப்போது டீக்கடையில் நிறுத்திக் கிளம்பினால், விட்ட இடத்திலிருந்தே பாட்டு தொடர்கிறது. கடிகாரம் மட்டும் ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது. அதைத் திருத்தும் பொத்தான் எது என்று கையேட்டில் போடவில்லை.