காய்ச்சல் என்று எழுதும் பெண்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த உரைநடை ஒன்று உண்டென்றால், அது விடுப்பு விண்ணப்பம்தான். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா. பிறகு காரணம். பிறகு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளுதல். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மாணவி. கீழே பெற்றோர் கையொப்பம். செய்யுளையும் சிறுகதையையும் வரிவரியாகப் பிரித்து வாசிக்கக் கற்றுத்தரும் நாம், இந்தப் பிரதியை மட்டும் வாசித்துப் பார்த்ததில்லை. அசைன்மென்ட் தாமதமானாலும், இன்டர்னல் தேர்வு தவறினாலும், வருகை குறைந்தாலும் ஒரு மாணவி கடைசியில் வந்து நிற்பது இந்தக் கடிதத்தோடுதான்.

அதில் காரணத்துக்குக் கிடைப்பது ஒரு வரி. அந்த வரியில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் காய்ச்சலை நன்றாகத் தெரியும். அம்மா எஸ்டேட்டில் காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் சமைப்பதும், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதும், தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பதும் மூத்த பெண்ணின் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் அவள் திருநின்றவூரிலோ பட்டாபிராமிலோ மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டும். பூந்தமல்லிப் பெண்ணுக்கு அந்த ரயிலும் கிடையாது, பேருந்துதான். பாட்டி படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்வதும் இவள்தான். இந்த வேலைகளுக்கெல்லாம் சான்றிதழ் தர யாரும் இல்லை. காய்ச்சலுக்கு டாக்டர் தருவார். ஆகவே அவள் காய்ச்சல் என்று எழுதுகிறாள். சான்று காட்ட முடிந்த பொய் ஏற்கப்படுகிறது, சான்றில்லாத உண்மைக்குச் சாக்கு என்று பெயர். அந்தப் பொய்க்குக் கீழேதான் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று கையெழுத்திடுகிறாள்.

இதை ஒரு சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. மேல்நிலை வகுப்பிலேயே 10 அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் 2 வருகைக்குப் போகிறது. இந்தப் பகுதியின் பல கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. இளங்கலைத் தாளில் பொதுவாக 100க்கு 25 இன்டர்னல். செமஸ்டர் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். சற்றுக் குறைந்தால் ‘கண்டோனேஷன்’ கட்டணம் கட்டலாம், மிகவும் குறைந்தால் அந்தத் தேர்வே இல்லை. கண்டோனேஷன் என்ற சொல்லுக்குக் குற்றத்தைப் பொறுத்தருளுதல் என்று பொருள். எழுதாமல்போன தாளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அரியர், அதாவது கட்டவேண்டிய பாக்கி. தவறிப்போன ஒரு நாளைக் குறிக்க நம்மிடம் குற்றத்தின் மொழியும் கடனின் மொழியும்தான் இருக்கின்றன.

ஆனால் எல்லாத் தவறுதலையும் கல்வித்துறை குற்றமாகப் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், அரையாண்டுத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். யாரும் யாரிடமும் கடிதம் கேட்கவில்லை. 2020 மார்ச் 24 அன்று, ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், பிளஸ் டூவின் கடைசித் தேர்வை எழுத முடியாமல் போனவர்களுக்கு அரசே ஜூலையில் மறுதேர்வு வைத்தது. இரண்டும் சரியான முடிவுகள். ஊரெல்லாம் நனைந்தால் அது மழை என்பது நிர்வாகத்துக்குப் புரிகிறது. ஒரு வீட்டுக்குள் மட்டும் வெள்ளம் வந்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிவிடுகிறது.

கடிதத்தின் கடைசி வரியான பெற்றோர் கையொப்பத்துக்கு வருவோம். பதினெட்டு வயது முடிந்த கல்லூரி மாணவி வாக்களிக்கலாம். திருமணப் பதிவேட்டில் அவள் கையெழுத்து செல்லும், விடுப்புக் கடிதத்தில் செல்லாது. அங்கே அப்பாவோ, மணமானவள் என்றால் கணவனோ போட வேண்டும். ‘வீட்டுக்கு போன் பண்ணட்டுமா?’ என்ற மிரட்டலும் இருபாலருக்கும் பொதுவானதுதான். ஆனால் பையன் வீட்டுக்குப் போகும் போன் திட்டோடு முடியும். பெண் வீட்டுக்குப் போகும் போன், ‘எங்கே போனாள், யாரோடு போனாள்’ என்ற விசாரணையாகி, படித்தது போதும் என்ற முடிவிலும் மாப்பிள்ளை பார்ப்பதிலும் போய் நிற்கலாம். ஒரே விதிதான், விழுகிற அடி ஒன்றல்ல.

மாற்றம் வராமல் இல்லை. பெண் மாணவர்களுக்கு மகப்பேறு விடுப்பும் வருகையில் தளர்வும் தர விதிகள் வகுக்குமாறு 2021 டிசம்பரில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2023 ஜனவரியில் கேரளத்தில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றி, மாதவிடாய்க்காகப் பெண்களின் வருகை வரம்பை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் 75இலிருந்து 73 சதவீதமாகக் குறைத்தார்கள். வரவேற்க வேண்டியவை. என்றாலும் இவை கர்ப்பப்பைக்கு எழுதப்பட்ட விதிகள். அடுப்படிக்கு இன்னும் யாரும் எழுதவில்லை.

நல்ல ஆசிரியைகள் இருக்கிறார்களே, கேட்டால் தரமாட்டார்களா என்று சொல்லலாம். தருவார்கள். தனியே கூப்பிட்டு, ‘என்னம்மா பிரச்சினை, சொல்லு’ என்பார்கள். அவள் அழுவாள், தேதி நீளும். அந்த இரக்கத்துக்கு அவள் தரும் விலை தன் வீட்டுக் கதை. அப்பாவின் குடியும் அம்மாவின் கடனும், ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லப்பட வேண்டும். பேசத் தெரிந்தவளுக்கும் ஏற்கெனவே முகம் தெரிந்தவளுக்கும் அவகாசம் கிடைத்துவிடும். பேச ஆரம்பித்தால் தெருப் பெயரும் சாதியும் சேர்ந்து வெளியே வரும் என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறவள் அரியரோடு போவாள். இரக்கம் ஆளைப் பார்த்து அளக்கிறது. அதனால்தான் இங்கே விதி வேண்டும் என்கிறேன்.

அந்த விதி காரணம் கேட்காததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஓர் அசைன்மென்டை ஒரு வாரம் தாமதமாகத் தரலாம், ஏன் என்று கேட்கப்படாது. இன்டர்னல் தேர்வுகளில் மிகக் குறைந்த ஒன்று, எழுதாததும்கூட, கணக்கில் சேராது. அதற்கு மேல் தாமதமானால் எத்தனை மதிப்பெண் குறையும் என்பது செமஸ்டரின் முதல் நாளே பலகையில் இருக்கும். பதினெட்டு முடிந்தவளின் கடிதத்துக்கு அவள் கையெழுத்தே போதும். நேரத்துக்குத் தருகிறவர்களுக்கு இது அநியாயம் என்று ஒரு வாதம் வரும். இந்தச் சலுகை அவர்களுக்கும் உண்டு, ஒருநாள் அவர்கள் வீட்டிலும் பாட்டி விழுவாள். வாழ்க்கையில் கெடு இருக்கிறது, பழகட்டும் என்பார்கள். விடியுமுன் எழுந்து உலை வைக்கிறவளுக்குக் கெடுவைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. தேதிக்குப் பயந்து தோழியின் ரெகார்டை இரவெல்லாம் பார்த்தெழுதும்போது அவள் கற்பது பாடமும் அல்ல.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணின் கணக்கில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. கல்லூரி வாசல்வரை அவளைக் கொண்டுவர அரசு செலவு செய்கிறது. உள்ளே நுழைந்தபின், வராமல்போன நாட்களுக்காக அந்த ஆயிரத்திலிருந்தே அவள் கண்டோனேஷன் கட்ட நேர்ந்தால், ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிக்கொள்கிறது என்றுதான் பொருள். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் நம்மில் யாராவது இந்தக் கணக்கை எழுப்ப வேண்டும். மாணவிகளே, உங்கள் துறையில் தாமதத்துக்கான விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், எழுதித் தரும்படி கேளுங்கள்.